தட்டாமல் விட்ட இடங்கள்

அந்த இயந்திரத்துக்குக் கம்பெனி வைத்த பெயர் ஏதோ எழுத்தும் எண்ணுமாக இருந்தது. சௌரியப்பன் அதைச் செவிடன் என்றுதான் கூப்பிடுவார். ஆறு கால், கன்றுக்குட்டி உயரம், முதுகிலிருந்து நீளும் ஓர் இரும்புக் கோல். கைவிட்ட சுரங்கத்துக்குள் அதுபாட்டுக்கு நடந்துபோய்க் கோலால் கூரையைத் தட்டும். கெட்டிப் பாறை கணீரென்று பதில் சொல்லும். உள்ளுக்குள் விரிசல் விட்ட பாறை காலிப் பெட்டியைத் தட்டினாற்போல் பொத்தென்று ஒலிக்கும். கேட்டு முடிவுகட்டி, நல்ல இடத்தில் பச்சைச் சாயமும் கெட்ட இடத்தில் சிவப்பும் பீச்சிவிட்டு நகர்ந்துவிடும். காதை நம்பியே பிழைக்கிற ஜந்துவுக்குச் செவிடன் என்று பெயர் வைக்கக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். சௌரியப்பனுக்கு அது நிறையவே உண்டு. அதற்குள் இருப்பது அவருடைய காது அல்லவா?

நாலு வருஷம், கோலார் தங்கவயலிலிருந்து பிழைக்கப் போன ஒன்பது பேர், வேறொரு சுரங்கத்தில் தலையில் கேமராவும் சட்டையில் மைக்குமாக வேலை பார்த்தார்கள். அவர்கள் எங்கே நின்றார்கள், எங்கே தட்டினார்கள், எதைக் கேட்டு ஒதுங்கினார்கள், எதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே பீடி பற்றவைத்தார்கள், எல்லாம் பதிவானது. அதைப் பார்த்துத்தான் செவிடன் படித்தது. இப்போது உலகத்துப் பாலைவனங்களில் முந்நூறு செவிடன்கள் அலைகின்றன. ஒன்பது பேரில் எட்டுப் பேர் பாறைத்தூசி நெஞ்சில் ஏறிப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிஞ்சியவர் சௌரியப்பன் ஒருவர்தான்.

"முந்நூறு பேரு என் காதை மாட்டிக்கினு சுத்தறானுங்க. எனக்கு ஒரு டீ வாங்கித் தர ஒருத்தனுக்கும் துப்பில்ல" என்பார். சொல்லிவிட்டுப் பெருமையாக மீசையைத் தடவிக்கொள்வார்.

ராஜஸ்தானின் மேற்கு ஓரத்தில் மேக்ராசர் என்ற கிராமம். போன கோடையில் வெயில் ஐம்பத்திரண்டைத் தொட்ட இரண்டு வாரங்களில் அங்கே முப்பத்தொரு பேர் செத்தார்கள். இந்த வருஷம் அப்படி விட முடியாது என்று அரசாங்கம் ஒரு வழி கண்டுபிடித்தது. ஊருக்கு அருகிலேயே நாற்பது வருஷமாக மூடிக்கிடக்கும் செப்புச் சுரங்கம் ஒன்று இருந்தது. உள்ளே எந்நேரமும் முப்பது டிகிரிக்கு மேல் போகாது. கோடை நாலு மாதமும் ஊரே கீழே குடியிருந்தால் என்ன? இரண்டாம் மட்டத்தில் செவிடன் பச்சை அடித்த இடங்களைத் தடுத்து அறைகளாக்கி, போன மாதமே நாற்பது குடும்பங்கள் இறங்கிவிட்டன. மிச்சம் அறுபது குடும்பங்களுக்காக மூன்றாம் மட்டத்தைத் துழாவும் வேலை நடந்துகொண்டிருந்தது. இயந்திரம் சொன்னாலும் ஒரு மனிதன் கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டம். அந்தக் கையெழுத்து சௌரியப்பனுடையது.

செவிடனைக் கட்டி மேய்க்கிற பொறியாளர் மெஹருன்னிசா, ஆம்பூர்க்காரி. முப்பத்து நாலு வயது, மூக்குக் கண்ணாடிக்கு மேல் பாதுகாப்புக் கண்ணாடி, கையில் எந்நேரமும் ஒரு திரை. அன்று காலை இருவரும் செவிடனின் பின்னால் மூன்றாம் மட்டத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். துருப்பிடித்த தண்டவாளம், கவிழ்ந்த இழுவை வண்டி, சுவரில் யாரோ கரியால் கிறுக்கிய ஒட்டகம். நாற்பது வருஷமாக யாரும் மூச்சு விடாத காற்று தொண்டையைக் கரகரக்க வைத்தது.

ஒரு வளைவில் சுவரைக் குடைந்த சின்ன விளக்கு மாடம் தெரிந்தது. மேலே புகைக்கறை, சுற்றிலும் பாறையில் அப்பிய செந்தூரம். பார்த்தவுடன் சௌரியப்பனின் கை தானாக மேலே போய் ஹெல்மெட்டைக் கழற்றியது. சிலுவை போட்டுக்கொண்டு, பாதத்தை மெல்ல வைத்து அந்த இடத்தைக் கடந்தார். செவிடன் அங்கே தட்டவில்லை. ஒரு நொடி நின்றது. விர்ரென்று பச்சை அடித்துவிட்டு மேலே நடந்தது.

"இன்னா மேடம், தட்டாமயே பாஸ் போட்டுட்டான்?"

"எல்லா இடத்தையும் தட்டாது அண்ணா, பேட்டரி தாங்காது. பார்த்தாலே நல்ல இடம்னு தெரிஞ்சா விட்டுடும். உங்க ஆளுங்களும் அப்படித்தானே பண்ணியிருக்கீங்க?"

"அது சரி. கண்ணும் சேந்துதான் காது" என்றார் சௌரியப்பன். அவர் காதை அவரே சந்தேகப்படுவாரா? மனசில் ஏதோ ஒன்று நெருடியது. தன் பிள்ளை பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கி வரும்போது எந்த அப்பன் விடைத்தாளைக் கேட்கிறான் என்று அதைத் தள்ளிவிட்டு நடந்தார்.

பதினொரு மணி வாக்கில் தாபு மோர்த்தூக்கோடு இறங்கி வந்தாள். இரண்டாம் மட்டத்தில் குடியிருப்பவள், நாற்பத்தைந்து வயதிருக்கும், புருஷன் இல்லை, ஒரே மகன். இவர்களுக்குத் தினம் மோர் கொண்டு வருவது அவளாக எடுத்துக்கொண்ட வேலை. சௌரியப்பன் இருபது வருஷம் வடக்கே உழைத்தவர், உடைந்த இந்தியில் அவளோடு நன்றாகவே வாயடிப்பார். அவள் அவரை மிஸ்திரி என்பாள்.

வரும் வழியில் வளைவில் அவளும் நின்று மாடத்தைத் தொட்டுக் கும்பிட்டதை அவர் பார்த்தார். மோரை ஊற்றிக்கொண்டே தாபு சொன்னாள்:

"அந்த வளைவுலயும் பச்சை போட்டிருக்கு, நல்லது. அந்த இடத்துல அஞ்சு பேர் செத்தாங்க. கூரை ஒரேயடியா இறங்கிடுச்சாம். என் அறையில எங்கப்பா மாதிரியேதான்."

தம்ளர் சௌரியப்பனின் உதட்டில் நின்றது. "உன் அறையிலயா?"

"ஆமாம். எங்கப்பா செத்தது அங்கதானே. அந்த மாடத்துல நான்தான் தினம் விளக்கு வைக்கிறேன். இன்னும் மூணு அறையிலயும் அப்படி இருக்கு. அந்தந்த வீட்டு ஆளுங்களே கேட்டு வாங்கிக்கிட்டாங்க."

அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சௌரியப்பன் தம்ளரைக் கீழே வைத்தார். போன மாதம் அந்த நாலு மாடங்களையும் பார்த்தவர்தான் அவர். நாலிலும் ஹெல்மெட்டைக் கழற்றியவர்தான். நாலுக்கும் கையெழுத்துப் போட்டவரும் அவரேதான்.

"மேடம், ஒண்ணு பாத்துச் சொல்லு. இந்த மாதிரி மாடம், செந்தூரம், சிலுவை, இந்த மாதிரி இடத்துல செவிடன் எப்பவாச்சும் தட்டிக்கீறானா?"

மெஹருன்னிசா திரையைத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகம் மாறுவதைப் பார்த்து அவர் பதிலைத் தெரிந்துகொண்டார்.

"ஒரு தடவைகூட இல்லண்ணா. எல்லா மிஷின் பதிவையும் சேர்த்து நூத்தி எண்பத்தேழு இடம். எல்லாமே பச்சை." அவள் குரல் இறங்கியது. "உங்க ஒன்பது பேர் வீடியோவைப் பார்க்கிறேன். அந்தச் சுரங்கத்துல அறுபத்து மூணு இடத்துல குங்குமம், இல்லன்னா சிலுவை இருக்கு. நீங்க யாருமே அங்க தட்டல. ஏன்?"

"செத்தவன் மேல இரும்பு படக்கூடாதும்மா. ஒருத்தன் விழுந்த இடத்துல கடப்பாரையால தட்டுவாங்களா? தொப்பியக் கழட்டிட்டு, சத்தம் போடாம போய்டுவோம். எல்லாருக்கும் அது தெரியும்."

"எல்லாருக்கும் தெரியும், அதுக்குத் தெரியாதே! அது என்ன பார்த்துச்சு? மத்த இடத்துல எல்லாம் இந்த ஆளுங்க பயந்து பயந்து தட்டிப் பார்க்கிறாங்க. இந்த அடையாளம் இருக்கிற இடத்துல மட்டும் தட்டுறதே இல்ல. அவசரப்படாம நடக்கிறாங்க. ஹெல்மெட்டையே கழட்டிடறாங்க. அனுபவஸ்தங்க ஒன்பது பேரும் ஹெல்மெட்டைக் கழட்டுற இடம்னா, அதைவிடப் பத்திரமான இடம் உலகத்துல எது?" அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "யா அல்லா. கூரை விழுந்து ஆள் செத்த இடமாப் பார்த்துப் பார்த்து ஜனங்களைக் குடிவெச்சிருக்கோம் அண்ணா."

சௌரியப்பன் மூலையில் சாத்தியிருந்த கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் மட்டத்துக்கு ஏறினார். அறுபது வயது முட்டி வலியெல்லாம் அன்று அவருக்கு ஞாபகமில்லை.

தாபுவின் அறையில் மகன் கட்டிலில் படுத்துப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். அவனை எழுந்து வெளியே போகச் சொன்னார். கடப்பாரையைப் பார்த்ததும் தாபு மாடத்தின் முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"இங்க இரும்பு படக்கூடாது மிஸ்திரி."

"எங்க ஊர்லயும் அதான் பழக்கம்."

"தெரியுமே. போன மாசம் இந்த இடத்துக்கு வந்தப்ப நீ தொப்பியைக் கழட்டினதை நான் பார்த்தேன். யாரோ தெற்கத்தி ஆளு, எங்கப்பனுக்கு இவ்வளவு மரியாதை குடுக்கிறானேன்னு அழுதுட்டேன். அதனாலதான் சண்டை போட்டு இந்த அறையை வாங்கினேன்."

சௌரியப்பனுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது. "தள்ளிக்கோம்மா, கெஞ்சிக் கேக்கறேன்" என்றார். அவர் கண்ணில் நீர் வழிவதைப் பார்த்துத்தான் அவள் ஒதுங்கினாள்.

வாழ்க்கையில் முதல்முறையாக அவர் செத்தவன் இடத்தில் இரும்பை ஓங்கினார். பொத்தென்றது. அதைக் கேட்க ஒன்பது பேர் காது வேண்டாம், யார் காதும் போதும். தாபுவே கேட்டாள். இரண்டாவது தட்டில் தோசைக்கல் அகலத்துக்கு ஒரு சில்லு பெயர்ந்து கட்டிலில், தலையணை மேல் விழுந்தது. தாபு மகனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

அன்று மாலைக்குள் அந்த நாலு குடும்பத்தையும் பக்கத்து அறைகளில் நெருக்கி அடைத்தார்கள். மெஹருன்னிசா தலைமை அலுவலகத்துக்கு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பினாள். சௌரியப்பன் தன் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டார். தப்பு என்னுடையது என்று முதல் வரியிலேயே எழுதினார்.

கம்பெனி சும்மா இருக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். மறுநாள் காலை பத்து மணிக்கே திருத்தம் வந்து இறங்கியது. செவிடன் இரண்டாம் மட்டத்தை மறுபடி சுற்றி வந்தது. அரை மணி நேரத்தில் நாற்பது அறையிலும் சிவப்பு விழுந்தது. ஒன்றுவிடாமல் நாற்பது.

"என்னம்மா ஆச்சு இதுக்கு?"

"அடையாளம் இருந்தா ஆபத்துன்னு மாத்திட்டாங்க அண்ணா, வேற எதையும் மாத்தல. இங்க எல்லார் வீட்டுலயும் சாமி விளக்கு இருக்கு, செந்தூரம் இருக்கு. எது சாமிக்கு வெச்சது, எது செத்தவங்களுக்கு வெச்சதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

முழுக்கச் சிவப்பு விழுந்த மட்டத்தில் ஆள் இருக்கக் கூடாது. ஒரு மணி நேரத்தில் காற்று விசிறிகள் தாமாக நின்றுவிடும். காற்று நின்றால் உள்ளே இருக்க முடியாது. பதினொன்றரை மணிக்குக் குழந்தைகளும் மூட்டைகளும் ஆடுகளுமாக ஜனங்கள் மேலே ஏறி வந்தார்கள். வெளியே ஐம்பத்தொன்று, அந்த வெயிலில் ஊர் வரை நடக்க முடியாது. சுரங்க வாயிலில் ஒரு தகரக் கொட்டகைதான் நிழல், அதுவும் அடுப்பு மாதிரி தகித்தது. மெஹருன்னிசா போனில் கத்தினாள். நாலு அறை தவிர மற்றதெல்லாம் நல்ல பாறை, நான் தட்டிப் பார்த்துச் சொல்கிறேன், கையெழுத்தும் போடுகிறேன் என்று சௌரியப்பன் போனைப் பிடுங்கிக் கெஞ்சினார். மறுமுனையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"சார், தப்பு எங்கேயிருந்து வந்ததுன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. அதுக்கு மேல உங்க காதை நாங்க எப்படி ஏத்துக்க முடியும்?"

ஒரு மணிக்கு ஹர்ஜி என்ற கிழவர் கொட்டகையில் உட்கார்ந்தவாக்கில் சாய்ந்தார். தண்ணீர் ஊற்றினார்கள், விசிறினார்கள், மெஹருன்னிசா நெஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. அவர் மருமகள் ஒப்பாரி வைக்கக்கூடத் தெம்பில்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடினாள். கொட்டகையில் இன்னும் பதினேழு பேர் அறுபதைத் தாண்டியவர்கள். கைக்குழந்தைகள் ஒன்பது.

சௌரியப்பன் அவர்களைப் பார்த்தார். சுரங்க வாயிலைப் பார்த்தார். பிறகு அந்த வார்த்தை அவர் வாயிலிருந்தேதான் வந்தது.

"மேடம், சுவத்தக் கழுவிட்டா?"

"என்னண்ணா?"

"மாடத்த அடைச்சு, செந்தூரத்தையும் கரியையும் தேச்சுக் கழுவிட்டா? அடையாளமே இல்லன்னா அவன் தட்டித்தானே ஆகணும்? தட்டினா அவன் காது பொய் சொல்லாது. என் காது அது."

மெஹருன்னிசா தலையாட்டினாள்.

வாளி, கம்பித்தேய்ப்பான், மண்ணெண்ணெய். உடம்பில் தெம்பிருந்த எல்லாரும் இறங்கினார்கள். விசிறி இல்லாத புழுக்கத்தில், அவரவர் வீட்டுச் சாமியை அவரவரே தேய்த்து எடுத்தார்கள். சிலர் அழுதார்கள், சிலர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே தேய்த்தார்கள். தாபு தன் அறைக்கு யாரையும் விடவில்லை. அந்தக் கூரைக்கு அடியில் நிற்காதே என்று சௌரியப்பன் கத்தியும் கேட்காமல், கையை நீட்டி அவளே தேய்த்தாள். தேய்த்த துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

செவிடன் மறுபடி சுற்றியது. இந்தத் தடவை எல்லா இடத்தையும் தட்டியது. முப்பத்தாறு பச்சை, நாலு சிவப்பு. எந்த நாலு சிவப்பாக வேண்டுமோ அந்த நாலு. விசிறிகள் உறுமிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தபோது ஜனங்கள் கைதட்டினார்கள். அந்தச் சந்தோஷத்தில் சௌரியப்பனும் கைதட்டினார். அப்புறம்தான் கொட்டகையில் துணி போர்த்திக் கிடந்த ஹர்ஜி ஞாபகம் வந்து கையை இறக்கிக்கொண்டார்.

மறுநாள் காலை மெஹருன்னிசா திரையை அவரிடம் நீட்டினாள். கம்பெனியிலிருந்து முந்நூறு இயந்திரங்களுக்கும் போன சுற்றறிக்கை அது. எந்தக் கைவிட்ட சுரங்கத்திலும் ஆய்வுக்கு முன்னால் சுவர், கூரை, தூண் எல்லாவற்றிலும் உள்ள குறிகள், மாடங்கள், எழுத்துகள், குவித்த கற்கள் யாவும் முழுமையாக அகற்றப்பட வேண்டும். அந்தப் பொறுப்பு கையெழுத்திடும் ஆளைச் சேர்ந்தது. இந்த நடைமுறை இன்று முதல் சௌரியப்பன் முறை என்று வழங்கப்படும்.

"பேரு வெச்சுட்டாங்க அண்ணா" என்றாள். அவள் சிரிக்கவில்லை.

"படிச்சிட்டேன் மேடம்."

"சிலி, நமீபியா, ஓமான், எல்லா இடத்துலயும் இன்னிக்கே ஆரம்பிக்கிறாங்க."

அவர் வாளியில் தண்ணீர் பிடித்தார். மூன்றாம் மட்டத்தில் வேலை பாக்கி இருந்தது. வெளியே இன்னும் அறுபது குடும்பங்கள் காத்திருந்தன. சரியாகத்தானே நடக்கிறது, உயிரோடிருப்பவர்களைக் காப்பாற்றத்தானே என்று நூறு தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கினார். வளைவில் இருந்த மாடத்தை முதலில் சிமென்ட்டால் அடைத்தார். புகைக்கறையைச் சுரண்டினார். செந்தூரம் லேசில் போகவில்லை. பாறை குடித்திருந்தது. ஒரு மணி நேரம் தேய்த்தபிறகு வெறும் கல் தெரிந்தது. செவிடன் வந்து தட்டியது. பொத்தென்றது. சிவப்பு அடித்தது.

திரும்பினால் தாபு நின்றுகொண்டிருந்தாள். கையில் மோர்த்தூக்கு இல்லை. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியவில்லை.

"உன் மிஷின் இப்ப சரியாச் சொல்லுதா, மிஸ்திரி?"

"சொல்லுது."

"அப்ப இங்க செத்த அஞ்சு பேரும் யாருன்னு அதுகிட்ட கேட்டுச் சொல்லு."

சௌரியப்பன் சுவரைப் பார்த்தார். அவருக்கும் தெரியாது. தேய்ப்பதற்கு முன்னால் யாரிடமாவது கேட்டுக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. இரண்டு நாளாகக் கூரையையே நினைத்துக்கொண்டிருந்துவிட்டார்.

"உனக்குத் தெரியுமில்ல தாபு? நீ சொல்லேன். நான் எழுதிக்கிறேன்."

"எங்க எழுதுவே?" என்றாள் அவள்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். கழுவிய சுவர் இன்னும் ஈரமாக இருந்தது. அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஏறிப் போனாள். முன்னே செவிடன் அடுத்த வளைவை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தது. அது போய்ச் சேருவதற்குள் அங்கே போய்த் துடைத்தாக வேண்டும். சௌரியப்பன் வாளியைத் தூக்கிக்கொண்டு எட்டி நடந்தார்.